தலை முன்னே போனால் இடுப்புக்குப் பாரம்

கைத்தெளிப்பானால் மருந்து தெளித்த அன்றிரவு இடுப்பு வலிப்பதாகக் கூறாத விவசாயி அபூர்வம். முதுகுச் சுமையே காரணம் என்று எண்ணுகிறோம். தலைக்கும் அதில் பங்கு உண்டு.

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என முள்ளெலும்புகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இவ்வடுக்கின் உச்சியில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை அமர்ந்துள்ளது. தெளிமுனையையே பார்த்துத் தலையை முன்னே நீட்டிக்கொண்டு நடந்தால் நடுமுதுகு கூனுகிறது. உடல் முன்சாயும்போது இடுப்பின் இயற்கையான உள்வளைவும் தட்டையாகிறது. சாயும் உடலை இடுப்புத் தசைகளே பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். நீண்ட கழியின் நுனியில் தொங்கும் சிறு எடையும் கைக்குப் பெரும் பாரமாவதைப் போன்றதே இது.

16 லிட்டர் தெளிப்பானில் நீர் மட்டுமே 16 கிலோ. முக்கால் அளவு நிரப்புவது நல்லது. மருந்தையும் அதற்கேற்பக் குறைக்க மறக்க வேண்டாம். தண்ணீருக்குக் கூடுதல் நடைதான். இடுப்புப் பிடித்துக்கொண்டு படுப்பதைவிட மேல். தெளிப்பானை உயரமான வரப்பில் வைத்துத் தோளில் மாட்டி, தொட்டி முதுகோடு ஒட்டும்படி வார்களை இறுக்கவும். தலையைத் தாழ்த்தாமல் கண்களை மட்டும் தாழ்த்திப் பயிரைப் பார்க்கலாம்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டவும்.