நிலத் திட்டமிடலில் பழங்குடி மக்களைக் கலந்தாலோசித்தல்

ஒரு நிலத்தில் சாலை, சுரங்கம், அணை, குடியிருப்பு என எது வரலாம் என்று முடிவு செய்யும் முன், அந்நிலத்தைத் தலைமுறைகளாகச் சார்ந்து வாழும் பழங்குடி மக்களிடம் திட்டத்தை விளக்கி, அவர்களது கருத்தையோ ஒப்புதலையோ பெறுவது பழங்குடியினர் கலந்தாய்வு எனப்படும். கருத்துக் கேட்பதும் ஒப்புதல் பெறுவதும் ஒன்றல்ல. கருத்தைக் கேட்டவர் அதை ஏற்காமலும் போகலாம். ஒப்புதல் கட்டாயம் என்றால், 'வேண்டாம்' என்ற பதில் திட்டத்தையே நிறுத்திவிடும். இந்தியச் சட்டங்களில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஒரு மலைக்கிராமத்துக்கு இவற்றில் எது கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சேலம் மாநகருக்கு வடக்கே, ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்த ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. இதை அடுத்து சேர்வராயன் மலையின் அடிவாரம் தொடங்குகிறது. சமவெளியில் நகரம் விரிந்து மனைப்பிரிவுகள் மலையை நெருங்குகின்றன. மேலே காப்புக்காடும் காப்பித் தோட்டங்களும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் உள்ளன. இங்கு 'மலையாளி' என்பது மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர்; கேரள மக்களைக் குறிப்பதன்று. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாதுமலை ஆகியவற்றில் வாழும் இவர்களே தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக இவர்களது வாய்மொழி மரபு கூறுகிறது. இதைக் காட்டி, 'வந்தேறியவர்கள் எப்படிப் பழங்குடி ஆவார்கள்?' என்று கேட்போர் உண்டு. சட்டம் முதலில் வந்தவர் யார் என்று தேடுவதில்லை. பழங்குடியினர் பட்டியலில் இடமும், காட்டோடும் நிலத்தோடும் உள்ள வாழ்வுறவுமே அதற்கு முக்கியம்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள் பத்து மாநிலங்களில் உள்ளன. அப்பகுதிகளுக்கென 1996-இல் வந்த ஊராட்சிகள் விரிவாக்கச் சட்டம், நிலம் எடுக்குமுன் கிராம சபையையோ உரிய நிலை ஊராட்சியையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே ஏற்காட்டு மலைக்கும் கொல்லிமலைக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது.

இங்கு மிஞ்சுவது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டு நிலத்தில் பயிர் செய்வோரின் தனியுரிமை, மேய்ச்சல், சிறு வனப்பொருள் சேகரிப்பு போன்ற சமூக உரிமைகள், காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமை ஆகியவற்றை இச்சட்டம் ஏற்கிறது. உரிமை கோரிக்கைகளைப் பெற்றுத் தொடக்கத் தீர்மானம் எடுக்கும் அதிகாரம் கிராம சபைக்கே உண்டு. உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. 2009 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை, காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஆனால் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த இடைக்கால உத்தரவால், தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயங்கள் வழங்குவது தடைபட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகே பணி நகர்ந்தது. ஏட்டில் பதிவாகாத உரிமைக்காரரை யாரும் தேடிப்போய்க் கேட்பதில்லை என்பதால், இந்தத் தாமதம் கலந்தாய்வையும் பாதித்தது.

எந்தக் கிராம சபை?

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபை, ஊராட்சிச் சட்டப்படி ஓர் ஊராட்சி முழுவதற்கும் உரியது. ஓர் ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்கும். வன உரிமைச் சட்டமோ 'கிராமம்' என்பதற்குள் தனிக் குடியிருப்பையும் சேர்க்கிறது. முப்பது வீடுகள் கொண்ட ஒரு மலைக்குடியிருப்பும் தனியே கிராம சபையாகக் கூடலாம். 2012-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும்.

அடிவாரப் பகுதிகளில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. ஆயிரக்கணக்கான சமவெளி வாக்காளர்கள் உள்ள ஓர் ஊராட்சியின் ஓரத்தில் முப்பது பழங்குடிக் குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். கூட்டத்தை ஊராட்சி அளவில் நடத்தினால், காட்டுக்குப் போகாதவர்களின் கைகளே காட்டைப் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றிவிடும். குடியிருப்பு அளவில் நடத்தினால், விறகுக்கும் தேனுக்கும் மேய்ச்சலுக்கும் அந்தச் சரிவில் ஏறுபவர்களே பேசுவார்கள். இரண்டிலும் பதிவேட்டில் 'கிராம சபைத் தீர்மானம்' என்றே எழுதப்படும்!

நியம்கிரியும் சேர்வராயனும்

கலந்தாய்வு முழு வடிவில் நடந்த புகழ்பெற்ற நிகழ்வு ஒடிசாவின் நியம்கிரி மலையில் நடந்தது. டோங்ரியா கோந்து மக்கள் அம்மலையை நியம்ராஜா என்ற தெய்வத்தின் இருப்பிடமாக வணங்குகிறார்கள். வேதாந்தா குழுமத்தின் லாஞ்சிகர் ஆலைக்காக அங்கு பாக்சைட் வெட்டத் திட்டமிடப்பட்டது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், மக்களின் வன உரிமைகளோடு அவர்களது வழிபாட்டு உரிமையையும் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக இருக்கவேண்டும் என்றும் கூறியது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 சனவரியில் அமைச்சகம் அனுமதியை மறுத்தது.

சேலத்து வாசகர்களுக்கு இதில் பழக்கமான கூறுகள் பல இருக்கும். மேட்டூரில் 1960-களில் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனத்துக்குச் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் பாக்சைட் போனது. பின்னாளில் அந்நிறுவனமும் வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்ததாயிற்று. இங்கும் மலையுச்சியில் தெய்வம் உண்டு. குகைக்கோயிலில் உள்ள சேர்வராயனுக்கு மே மாதத் திருவிழாவில் மலைக்கிராமத்தார் திரண்டு வருகிறார்கள். சுரங்கம் அந்தக் கோயிலுக்கு அருகிலேயே வெட்டப்பட்டது. கனிமும் ஒன்று, மலையை வணங்கும் மரபும் ஒன்று. வேறுபட்டது காலம் மட்டுமே. சேர்வராயனில் வெட்டத் தொடங்கியபோது மலைவாசிகளைக் கேட்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்ற ஏற்பாடே 1997-இல்தான் வந்தது.

எட்டு வழிச்சாலை

சட்டங்கள் வந்த பின்னரும் விலக்குகள் வழியாகக் கலந்தாய்வு சுருங்கக்கூடும் என்பதற்குச் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை எடுத்துக்காட்டு. 277 கிலோமீட்டர் நீளத்துக்கு 2018-இல் அறிவிக்கப்பட்ட இச்சாலைக்கான நில எடுப்பு, 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி தொடங்கியது. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கினாலும், நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. நிலத்தில் உரிமையுள்ளவர் 21 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம், அவ்வளவுதான். பட்டா இல்லாமல் மேய்ப்பவரும் வனப்பொருள் சேகரிப்பவரும் இந்த வாசல் வழியே நுழைவது கடினம். காட்டுப் பகுதிக்கும் இதே நிலை: சாலை, குழாய்த்தடம், மின்பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குக் கிராம சபை ஒப்புதல் பொதுவாகத் தேவையில்லை என்று 2013 பிப்ரவரியில் அமைச்சகம் தளர்த்திவிட்டது.

காவலர் பாதுகாப்புடன் நில அளவை நடந்தது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகள் செல்லும் என்றாலும், உரிமையாளர்களின் பெயரில் வருவாய்ப் பதிவுகளை மீட்டுத்தர ஆணையிட்டது.

கேட்கும் முறை

2007 செப்டம்பர் 13-இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்ற பழங்குடியினர் உரிமைப் பிரகடனம், நெருக்குதல் இன்றி, முன்கூட்டியே, விவரம் அறிந்து தரும் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நடைமுறையில் இம்மூன்றும் சிறிய விஷயங்களில்தான் சறுக்குகின்றன. சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கிறது. நீரோடை, மண்சரிவு பற்றிய விவரங்கள் அடங்கிய முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். கூட்டத்துக்கு மலையிலிருந்து இறங்கிவர ஒரு நாள் கூலி போகும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தேதி குறித்தால் பெண்கள் வரமாட்டார்கள். குடியிருப்பிலேயே, மாலையில், வரைபடத்தைத் தரையில் விரித்து 'உங்கள் ஓடை இது, சாலை இங்கே வருகிறது' என்று காட்டினால், எந்த அறிக்கையிலும் இல்லாத ஊற்றுகளையும் தடங்களையும் முதியவர்கள் விரல் வைத்துச் சொல்வார்கள்.

'முன்கூட்டியே' என்ற சொல்தான் இப்போது மிகவும் விவாதிக்கப்படுவது. 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகளின்படி, காட்டு நிலத்தை மாற்ற மத்திய அரசு அனுமதி தந்த பிறகு, வன உரிமைச் சட்டம் நிறைவேறியதை உறுதிசெய்வது மாநில அரசின் பொறுப்பாயிற்று. கிராம சபையின் முறை அனுமதிக்குப் பின்னால் தள்ளப்படுகிறது என்று பழங்குடி அமைப்புகள் இதை எதிர்க்கின்றன. வரிசை எதுவானாலும் சட்டத்தின் கடமை மாறவில்லை என்பது மத்திய அரசின் விளக்கம்.