நாட்கூலியும் நலன்புரிக் கொடுப்பனவும்: எந்த மாதத்தின் வருமானத்தைக் கணக்கெடுப்பது?

ஊவா மாகாணத்தின் வெலிமடைப் பிரதேசம் தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் பெயர்பெற்றது. தோட்ட லயன்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், குருத்தலாவ, சில்மியாபுர முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களும், அயற் கிராமங்களின் சிங்களக் குடும்பங்களும் ஒரே மண்ணையும் ஒரே சந்தையையும் நம்பியே இங்கு வாழ்கின்றன. இவர்களுள் பலருக்கு நிரந்தரத் தொழில் கிடையாது. இன்று கிழங்கு தோண்டும் வேலை கிடைக்கும்; நாளை கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைக்கும்; மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் எந்த வேலையும் இருக்காது. செய்த வேலைக்குரிய கூலியும் உரிய நாளில் கைக்கு வருவதில்லை.

இத்தகையோர் அரசாங்கத்தின் நலன்புரி உதவியை நாடும்போது, "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்ற வினாவுக்கு முகங்கொடுக்க வேண்டியுள்ளது. மாதச் சம்பளம் பெறுவோருக்கு இது இலகுவான வினா. நாட்கூலித் தொழிலாளியோ இதற்கு எந்தத் தொகையைக் கூறினாலும் அது ஏதோவொரு விதத்தில் பிழையாகவே அமையும். உழைத்த தொகையைக் கூறுவதா, கைக்கு வந்த தொகையைக் கூறுவதா? நல்ல மாதத்தைக் கூறுவதா, வேலையில்லாத மாதத்தைக் கூறுவதா? இந்தக் குழப்பத்தினால் உண்மையில் உதவி தேவைப்படும் குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே தள்ளப்படும் அபாயம் உள்ளது.

அஸ்வெசும தெரிவு முறை

இலங்கையில் நடைமுறையிலிருந்த சமுர்த்தி உதவிக் கொடுப்பனவின் இடத்தை, 2023 ஜூலை முதல் 'அஸ்வெசும' திட்டம் எடுத்துக்கொண்டது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டமே இதன் சட்ட அடிப்படையாகும். பயனாளிகள் நால்வகையாகப் பிரிக்கப்பட்டு மாதாந்தம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என ஆரம்பத்தில் கொடுப்பனவுகள் நிர்ணயிக்கப்பட்டன. 2025 ஜனவரியில், வறியோருக்கான 8,500 ரூபா 10,000 ரூபாவாகவும், மிக வறியோருக்கான 15,000 ரூபா 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

இத்திட்டம் வருமானம் என்ற ஒன்றை மாத்திரம் வைத்து வறுமையை அளப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துக்கள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளின் கீழ் 22 குறிகாட்டிகள் கணிக்கப்பட்டு, அவற்றின் அடிப்படையில் குடும்பங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. மாதா மாதம் கூலி ஏறி இறங்குவதற்கேற்பக் கொடுப்பனவு வெட்டப்படுவதில்லை என்பது நாட்கூலிக் குடும்பங்களுக்கு ஓர் ஆறுதலே.

ஆயினும் இம்முறையில் ஒரு குறைபாடு உண்டு. கணக்கெடுப்பு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்த நாளில் குடும்பம் எந்நிலையில் இருந்ததோ, அந்நிலையே நீண்ட காலத்துக்கு அக்குடும்பத்தின் நிலையாகப் பதிவாகிவிடுகிறது. 2023இல் எடுக்கப்பட்ட தீர்மானம் வறியோர், மிக வறியோர் ஆகிய இரு பிரிவினருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு எனவே அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்கூலித் தொழிலாளியின் வாழ்வு எத்தனையோ தடவை தலைகீழாக மாறிவிடும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளையும் உயிரிழப்புகளையும் ஏற்படுத்தியமை இதற்கு அண்மைக்கால உதாரணமாகும்.

மூன்று வகைக் கூலிகள்

இப்பகுதியின் தற்காலிக வேலைகளை மூன்றாக வகுத்து நோக்கலாம். முதலாவது, தோட்டங்களில் 'கைக்காசு' என வழங்கப்படும் வேலை. தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளிக்குச் சம்பளப் பட்டியலும், ஊழியர் சேமலாப நிதி இலக்கமும் உண்டு. கைக்காசுக்குச் செல்பவரோ பறித்த கொழுந்தின் கிலோவுக்கேற்ப அல்லது அன்றைய நாளுக்கேற்பப் பணம் பெறுகிறார். ஓய்வுபெற்ற முதியோரும், பதிவை விட்டு விலகிய பெண்களும் இவ்வேலைக்குச் செல்வதுண்டு. கையில் எந்தத் துண்டும் இல்லாததனால், எத்தனை நாள் வேலை செய்தார் என்பதற்கு அவரது வாய்ச்சொல்லே சான்றாகிறது.

இரண்டாவது, சிறு தேயிலைத் தோட்டங்களின் வேலை. இங்கு தொழிற்சாலை, ஒரு மாதம் பெற்ற கொழுந்துக்கான பணத்தைத் தோட்ட உரிமையாளருக்கு அடுத்த மாதத்திலேயே வழங்குகிறது. அவர் அதன் பின்னரே கூலியைத் தீர்க்கிறார். மூன்றாவது, மரக்கறி மற்றும் உருளைக்கிழங்குச் செய்கையில் கிடைக்கும் வேலை. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆட்களுக்குத் தட்டுப்பாடு. இடைப்பட்ட காலத்தில் வேலைக்குத் தட்டுப்பாடு. விளைச்சலை விற்ற பின்னர் தருவதாகக் கூறும் விவசாயி, விலை வீழ்ந்தால் தானே கடனாளியாகி நிற்கிறார். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விவசாயிகள் பட்ட துன்பத்தை நாடறியும். அவர்களிடம் கூலிக்குச் சென்றவர்கள் இழந்த வேலை நாட்களோ எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

ஒரு கணக்கு

இதனை ஓர் உதாரணக் கணக்கின் மூலம் விளக்கலாம். நாளொன்றுக்கு 2,000 ரூபா கூலி பெறும் ஒருவருக்கு ஆறு மாதங்களில் முறையே 20, 18, 6, 4, 16, 14 நாட்கள் வேலை கிடைத்தது எனக் கொள்வோம். மொத்தம் 78 நாட்கள். உழைத்த தொகை 156,000 ரூபா. மாதச் சராசரி 26,000 ரூபா. ஆனால் முதல் மாதத்தை மட்டும் பார்க்கும் உத்தியோகத்தருக்கு இவர் 40,000 ரூபா வருமானமுள்ளவர். நான்காம் மாதத்தைப் பார்ப்பவருக்கு 8,000 ரூபா மட்டுமே உழைத்தவர்.

முதல் மாதக் கூலியில் 15,000 ரூபா நிலுவையாகி நான்காம் மாதத்திலேயே கைக்கு வந்தது எனின், குழப்பம் இரட்டிப்பாகிறது. அம்மாதத்தில் அவரது கையில் 23,000 ரூபா இருக்கும். அப்பணத்தின் பெரும்பகுதி மூன்று மாதக் கடைக் கடனுக்கே போய்விடும். முதல் மாதத்தை உழைத்த கணக்கிலும் நான்காம் மாதத்தை வாங்கிய கணக்கிலும் எழுதினால், அதே 15,000 ரூபா இரு முறை வருமானமாகிவிடுகிறது. தாமதித்தவர் கூலி கொடுக்க வேண்டியவர். அதன் விலையைச் செலுத்துபவர் கூலி பெற வேண்டியவர்.

பெருந்தோட்டத் தொழிலாளர் விடயத்திலும் இத்தவறு வேறொரு வடிவில் நிகழ்ந்து வந்துள்ளது. நாட்சம்பளத்தை 25ஆல் பெருக்கி அதுவே மாத வருமானம் எனக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம், 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவாக உயரும் எனவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் மேலும் 200 ரூபா வழங்கும் எனவும் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் 25 நாட்களுக்கு இது 43,750 ரூபா. ஆனால் 25 நாளும் வேலை வழங்கப்படுகிறதா, நிர்ணயித்த நிறை கொழுந்து கிடைக்காத நாளில் அரைப்பேர் போடப்படுகிறதா என்பவற்றைப் பொறுத்தே கையில் கிடைக்கும் தொகை அமைகிறது. தோட்ட மக்கள் மாதச் சம்பளக்காரர்கள் என்ற எண்ணமே, சமுர்த்திக் காலத்தில் அவர்களுள் பெரும்பாலோர் ஒதுக்கப்பட்டமைக்கு ஒரு காரணம். 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை விகிதம் 14.3 ஆக இருக்கையில், தோட்டத்துறையில் அது 33.8 சதவீதமாக இருந்தது.

பிற நாடுகளின் படிப்பினை

இது நமது நாட்டுக்கு மாத்திரமுரிய பிரச்சினையன்று. பிரித்தானியாவின் 'யுனிவர்சல் கிரெடிட்' முறையில், மாதமொன்றில் கைக்கு வந்த சம்பளத்துக்கேற்ப உதவித்தொகை குறைக்கப்படுகிறது. விடுமுறை காரணமாகச் சம்பளம் ஓரிரு நாள் முந்தி வழங்கப்பட்டபோது, இரு மாதச் சம்பளங்கள் ஒரே கணிப்புக் காலத்துள் விழுந்து சிலரின் உதவி திடீரெனக் குறைந்தது. தனித்துப் பிள்ளைகளை வளர்க்கும் நான்கு தாய்மார் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். இதனை இவ்வாறே தொடரவிட்டமை நியாயமற்றது என 2020 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் விதிகளும் திருத்தப்பட்டன.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை செய்த 15 நாட்களுக்குள் கூலி வழங்கப்பட வேண்டும் எனவும், தாமதித்தால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு வழங்கப்பட வேண்டும் எனவும் ஏற்பாடு செய்திருந்தது. தாமதங்கள் அதனால் ஒழிந்துவிடவில்லை. எனினும் கூலித் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இலங்கையிலும் சட்டம் மௌனமாக இல்லை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, வாரக் கூலி மூன்று நாட்களுக்குள்ளும், மாதக் கூலி 10 நாட்களுக்குள்ளும் வழங்கப்பட வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும், அளவுக்கேற்பக் கூலி பெறுவோரையும் உள்ளடக்குகிறது. கூலியைத் தாமதியாது வழங்குவதை இஸ்லாமும் கண்டிப்பாக வலியுறுத்துகிறது. சட்டமும் நெறியும் இருந்தும், எழுத்தில் ஒன்றும் இல்லாத வேலையில் அவற்றை நிலைநாட்டுவது கடினமாகிறது.

செய்ய வேண்டியவை

ஆகவே நாட்கூலிக் குடும்பங்கள் முதலில் செய்யத்தக்கது, ஒரு சாதாரணக் கொப்பியில் கணக்கு எழுதி வருவதாகும். திகதி, யாரிடம் வேலை, பேசிய கூலி, பெற்ற தொகை, நிலுவை ஆகிய ஐந்தும் போதுமானவை. பாடசாலை செல்லும் பிள்ளைகளே இதனை எழுதிவிடலாம். உத்தியோகத்தர் வருமானத்தைக் கேட்கும்போது நல்ல மாதமொன்றின் தொகையை வாய்க்கு வந்தபடி கூறாது, ஆறு மாத அல்லது ஓராண்டுக் கணக்கைக் காட்டிச் சராசரியைக் கூறலாம். நிலுவையாக வந்த பணத்தை, அது எந்த மாதத்து உழைப்பு என்பதைக் குறிப்பிட்டே சொல்ல வேண்டும். கிடைத்த வேலையை மறைப்பது தீர்வாகாது. மறைத்தது பின்னர் வெளிப்படின், உண்மையான வறுமையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பெயர் விடுபட்டால் அறிவிக்கப்படும் காலத்துள் பிரதேச செயலகத்தின் ஊடாக மேன்முறையீடு செய்யலாம். கணக்குக் கொப்பியின் பிரதியை அதனுடன் இணைப்பது பயனுள்ளது. காரணம் தெரியவராவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதனைக் கோரலாம். தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் மொழி பற்றிய அத்தியாயம் வழங்குகிறது. கூலி நிலுவை பற்றி முறையிட வேண்டிய இடம் பகுதிக்குரிய தொழில் அலுவலகமாகும். படிவம் நிரப்பத் தெரியாதோருக்குத் தோட்டத் தலைவர்மாரும், ஆசிரியர்களும், பள்ளிவாசல் நிருவாகங்களும், கோயில் பரிபாலன சபைகளும் கைகொடுக்கலாம்.

ஆனால் கொப்பி எழுதுவதோடு பிரச்சினை தீர்ந்துவிடாது. நிலையற்ற தொழில் செய்வோரின் வருமானத்தை ஒரு மாதத்தைக் கொண்டல்லாது ஓராண்டுச் சராசரியைக் கொண்டு மதிப்பிட வேண்டும். உழைத்தும் கைக்கு வராத கூலியை வருமானமாகக் கருதாத தெளிவான அறிவுறுத்தல் உத்தியோகத்தர்களுக்கு வழங்கப்பட வேண்டும். இயற்கை அனர்த்தமோ பயிர் அழிவோ ஏற்பட்டால், அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திராது உடனடியாக மறுபரிசீலனை கோரும் வழி திறந்திருக்க வேண்டும்.

வெலிமடையின் கிழங்கும் தேயிலையும் கொழும்புச் சந்தைக்கு நாள் தவறாது போய்ச் சேருகின்றன. அவற்றைத் தோண்டியவரும் பறித்தவரும் தமது கூலிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர். அந்தக் காத்திருப்பே அவர்களை நலன்புரிப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கும் காரணமாகிவிடாது பார்த்துக்கொள்வது, இத்திட்டத்தை நடத்துவோரின் கடமையாகும்.