குடலுக்குள் தீ மூட்டும் புரதம்: ஆய்வகத்துக்குள் ஓர் எட்டிப்பார்வை

லண்டன் செயின்ட் பாங்கரஸ் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கிறது பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையம். அங்கே ஓர் ஆய்வகத்தில் நடந்த துப்பறியும் வேலையைப் படித்ததிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

க்ரோன்ஸ் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டும் குடலை ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கி வதைப்பவை. 21ஆம் குரோமோசோமின் ஒரு துண்டுக்கு இதில் பங்குண்டு என்பது முன்பே தெரியும். ஆனால் அந்தத் துண்டில் புரதம் செய்யும் மரபணு ஒன்றுகூட இல்லை. வெறும் பொட்டல்! அந்த ஆய்வகத்தின் ஆய்வாளரும் குடல் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவருமான ஜேம்ஸ் லீயின் குழு அங்கேதான் தோண்டியது.

கிடைத்தது ஒரு சுவிட்ச். அது இயக்குவதோ பக்கத்து மரபணுவை அல்ல. ஏறத்தாழ 2,90,000 டிஎன்ஏ எழுத்துகள் தள்ளியிருக்கும் ஈடிஎஸ்2 என்ற மரபணுவை. டிஎன்ஏ இழை மடிந்து வளைந்து, அவ்வளவு தொலைவில் இருப்பதையும் தொட்டுவிடுகிறது. என்ன அழகு!

ஈடிஎஸ்2 புரதம் கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர் மாதிரி. கரண்டி பிடிக்காது, எந்த அடுப்பு எரிய வேண்டும் என்று உத்தரவு போடும். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் அது மற்ற மரபணுக்களை முடுக்கிவிட, அழற்சி மூள்கிறது. சும்மா இருந்த செல்களில் ஆய்வாளர்கள் ஈடிஎஸ்2-ஐ அதிகமாக்கினார்கள். அவை நோயாளிகளின் குடலில் இருக்கும் செல்களைப் போலவே சீறத் தொடங்கின! மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கருவி கொண்டு ஈடிஎஸ்2-ஐ முடக்கியபோது சீற்றம் தணிந்தது.

இன்னொன்று கேளுங்கள்: 21ஆம் குரோமோசோமின் அந்தத் துண்டில் நோயைத் தூண்டும் டிஎன்ஏ மாற்றம் நியாண்டர்தால் மனிதர்களிடமும் இருந்திருக்கிறது. கிருமிகளை எதிர்க்க உதவியதால் நிலைத்திருக்கலாம்.

ஈடிஎஸ்2-ஐ நேராக அடக்க மருந்து இல்லை. ஆனால் சில புற்றுநோய்களுக்குத் தரப்படும் மெக் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் அதன் வேலையைக் குறைக்கின்றன. நோயாளிகளிடமிருந்து எடுத்த குடல் திசுவில் சோதித்தபோது அழற்சி இறங்கியது. 2024 ஜூனில் 'நேச்சர்' இதழில் இதெல்லாம் வெளியானது.

இம்மருந்துகள் மற்ற உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். அதனால் மேக்ரோஃபேஜ்களுக்கு மட்டும் மருந்தைச் சேர்க்கும் வழியைத் தேடுகிறது குழு. அதுவரை, இந்த நோயுள்ளவர்கள் இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். எந்தச் சந்தேகம் என்றாலும் உங்கள் குடல் மருத்துவரிடமே கேளுங்கள்.