அம்மம்மாவின் போனைப் பின்னுக்கு இறக்கிய கதை



இந்தக் கிழமை எபிசோட்டில் ரூட் பண்ணுவது பற்றிக் கனநேரம் கதைத்தோம். அதுக்குப் பிறகு வந்த கேள்விகளில் கூடுதலானவை ஒரே மாதிரி: "அண்ணா, புது அப்டேட் பிடிக்கேல்லை. பழையதுக்குத் திரும்பிப் போகலாமா?" சில நேரம் போகலாம். சில நேரம் போகவே ஏலாது. போக முடிந்தாலும் அவுஸ்திரேலியாவில் இப்ப ஒரு விசயத்தைக் கட்டாயம் பார்க்கவேணும். அதை எபிசோட்டில் சரியாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நான் அதைப் படித்தது என்னுடைய பிழையால்தான்.

2025 விண்டர். கிரெய்கிபர்னில் எங்கள் வீடு. அம்மம்மாவின் சாம்சங் போன் இரவோடு இரவாக அப்டேட் ஆகிவிட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கு. "தம்பி, இதைப் பழைய மாதிரி ஆக்கித் தாடா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" எண்டா. நான் கம்பியூட்டர் சயன்ஸ் படித்தவன், பகலில் மற்றவையின்ர சேர்வர்களைத் திருத்திக் காசு வாங்குகிறவன். ஒரு போன் பெரிய வேலையா? டவுன்கிரேட் பண்ணுறதோட ரூட்டும் பண்ணி, தேவையில்லாத ஆப் எல்லாத்தையும் தூக்கிவிடுவம் என்று லாப்டொப்பைத் திறந்தேன். படங்களை மட்டும் முதலில் பக்கப் பண்ணினேன். அந்த இரவு நான் செய்த ஒரே புத்தியான வேலை அதுதான், ஏனென்றால் பூட்லோடரைத் திறக்கும்போதே போனில் உள்ளதெல்லாம் அழியும்.

முதல் சுவர் உடனே வந்தது. ஓடின் மென்பொருளில் பழைய பதிப்பைப் போட்டால், போன் திரையில் சிவப்பு எழுத்தில் "எஸ்.டபிள்யூ. ரெவ். செக் ஃபெயில்". இதைக் கண்டு கேபிளை மாத்துகிறவர்கள், டிரைவரைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். கேபிளில் ஒரு பிழையும் இல்லை. போனின் சிப்புக்குள் மிக நுண்ணிய ஃபியூஸ்கள் இருக்கின்றன. சில அப்டேட்கள் வரும்போது அதில் ஒன்று எரிக்கப்படும். எரிந்தது எரிந்ததுதான், எந்த மென்பொருளாலும் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. பழைய பூட்லோடரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால், களவாக எடுத்த போனில் அதைத் திரும்ப ஏற்றி உள்ளே போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சாம்சங் போனில் இதை முன்கூட்டியே பார்க்கலாம்: பில்ட் இலக்கத்தின் கடைசியில் இருந்து ஐந்தாவது எழுத்து. நீங்கள் போடப்போகும் பதிப்பில் அது போனில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால், அந்த முயற்சியை விட்டுவிடுங்கள்.

கூகிளும் இதைச் செய்தது. 2022 ஓகஸ்டில் ஆண்ட்ராய்ட் 13 வந்தபோது பிக்சல் 6, 6 புரோ, 6ஏ மூன்றிலும் பூட்லோடரின் எண்ணை ஏற்றிவிட்டார்கள். 13க்குப் போனவர்கள் 12க்குத் திரும்ப முடியவில்லை. அதில் இன்னொரு பொறி: பிக்சலில் மென்பொருளுக்கு இரண்டு இடங்கள், ஒன்று ஓடும், மற்றது சும்மா இருக்கும். சும்மா இருந்த பக்கத்தில் பழைய பூட்லோடரே இருந்தால், எப்போதாவது போன் அந்தப் பக்கம் மாறும்போது எழும்பாமலே போய்விடலாம்.

சரி, அதே எண் உள்ள ஒரு பழைய பதிப்பைத் தேடிப் பிடித்தேன். அது வேறொரு நாட்டுக்கு வெளியிட்டது. மொடல் இலக்கம் ஒன்றுதானே, பரவாயில்லை என்று நினைத்தேன். இந்த இடத்தை நினைவில் வையுங்கள்.

அடுத்தது பூட்லூப். லோகோ வரும், போகும், திரும்ப வரும். இதுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டவுன்கிரேட் பண்ணிவிட்டு டேட்டாவை அழிக்காமல் விடுவது ஒன்று: புதுப் பதிப்பு எழுதி வைத்த டேட்டாவைப் பழைய பதிப்புக்கு வாசிக்கத் தெரியாது. மற்றது, மாஜிஸ்க் மூலம் ஒட்டுப்போட்ட பூட் இமேஜ் ஒரு பில்டில் இருந்தும், போனில் ஏற்றிய மிச்சமெல்லாம் இன்னொரு பில்டில் இருந்தும் வருவது. நான் செய்தது இரண்டாவது. முதல் தோல்வியில் டவுன்லோட் பண்ணிய ஃபைலையே திரும்ப எடுத்துப் போட்டிருக்கிறேன், இரவு ஒரு மணி. திருத்த வழி சுலபம்: பி.எல்., ஏ.பி., சி.பி., சி.எஸ்.சி. நாலும் ஒரே பில்டில் இருந்து எடுத்து முழுக்க ஏற்றுங்கள், ரூட் இல்லாமல் ஒருதரம் ஒழுங்காக எழும்பவிடுங்கள், அதுக்குப் பிறகுதான் ஒட்டுப்போட்ட இமேஜ்.

இரண்டு மணிக்கு எல்லாம் வேலை செய்தது. பழைய திரை, பெரிய எழுத்து, வாட்ஸ்அப், யூடியூப். அம்மம்மாவுக்குச் சந்தோசம். வங்கி ஆப் மட்டும் ரூட் ஆன போன் என்று கண்டுபிடித்து அடம்பிடித்தது. அவ அதைப் பாவிக்கிறதில்லை, விட்டுட்டன்.

இரண்டு நாள் கழித்து அம்மா வேலையில் இருந்து எனக்கு கோல் எடுத்தா. "அம்மம்மாவுக்கு அடிச்சா நேர வொய்ஸ்மெயிலுக்குப் போகுது. விழுந்துகிழுந்து போனாவோ?" ஓடிப்போய்ப் பார்த்தால் அவ ஹோலில் இருந்து நாடகம் பார்க்கிறா, அதே போனில். இன்டர்நெட் ஓடுது. கோல் மட்டும் உள்ளே வராது, வெளியே போகாது. இரண்டு நாளும் எல்லாரும் வாட்ஸ்அப்பில் கதைத்ததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் அவ 000 அடித்திருந்தால்?

கோல் ஏன் நின்றது? 4ஜி முதலில் டேட்டாவுக்காகக் கட்டிய வலையமைப்பு. கோல் வந்தால் போன் மெதுவாக 3ஜிக்கு இறங்கிக் கதைக்கும், முடிந்ததும் ஏறிவிடும். 4ஜியிலேயே கதைப்பதற்கு வோல்டி வேணும், அதற்கு போனுக்குள் அந்தந்த நாட்டு நெட்வேர்க்குக்கான அமைப்பு இருக்கவேணும். சாம்சங்கில் அது பெரும்பாலும் சி.எஸ்.சி. ஃபைலில் இருக்கிறது. நான் போட்டது வேறு நாட்டு சி.எஸ்.சி. முன்பென்றால் கவலையில்லை, 3ஜி தாங்கிப் பிடித்திருக்கும். வோடஃபோன் தன் 3ஜியை 2024 தொடக்கத்தில் நிறுத்தியது, டெல்ஸ்ராவும் ஒப்டஸும் 2024 ஒக்டோபர் 28 இல் நிறுத்தத் தொடங்கின. இறங்குவதற்கு இப்போது படியே இல்லை.

இதில் இன்னும் மோசமான வகை ஒன்று இருக்கிறது. சில போன்களில் சாதாரண கோல் வோல்டியில் போகும், ஆனால் 000 மட்டும் 3ஜியைத் தேடும்படி தொழிற்சாலையிலேயே எழுதியிருக்கும். 2024 மார்ச்சில் அப்போதைய தொடர்பாடல் அமைச்சர் மிஷெல் ரோலண்ட் சொன்ன கணக்கு, அப்படிப்பட்ட போன்கள் சுமார் 740,000. அதனால்தான் 000 அடிக்க முடியாத போன்களை நெட்வேர்க்குகளே தடுக்கவேண்டும் என்று விதி வந்தது. அதோடும் முடியவில்லை. 2025 ஒக்டோபரில் இன்னொன்று வெளியில் வந்தது: டெல்ஸ்ராவும் ஒப்டஸும் கிடைக்காத இடத்தில், சில பழைய சாம்சங் மொடல்களால் வோடஃபோன் வழியாக 000 அடிக்க முடியாது. சிலவற்றுக்கு அப்டேட் போதும். எஸ்6, எஸ்7, நோட் 5 போன்றவற்றை மாற்றியே ஆகவேணும். அடுத்த மாதமே, சிட்னியில் ஒரு வாடிக்கையாளர் 000 அழைப்புகள் போகாத நிலையில் இறந்ததாக டி.பி.ஜி. நிறுவனம் அறிவித்தது. அவருடைய சாம்சங் போனில் இருந்த மென்பொருள் பொருந்தாத பழையது என்றது.

இப்ப நீங்கள் டவுன்கிரேட் பண்ணும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். அந்தத் திருத்தம் வந்ததே ஒரு அப்டேட்டில். நீங்கள் அதைத்தான் கழற்றுகிறீர்கள். "உங்கள் மொடல் சரி" என்று எந்தப் பட்டியல் சொன்னாலும், அது கம்பனி தந்த மென்பொருளோடு இருக்கும் போனைப் பற்றியது. கஸ்டம் ரோம் போடுகிறவர்களுக்கும் இதேதான்.

பரிசோதிக்க, இன்னொரு போனுக்கு அடித்துப் பாருங்கள். கோல் போகும்போது மேலே 4ஜி அல்லது வோல்டி அடையாளம் நிற்கவேணும், செட்டிங்கில் வோல்டி சுவிட்ச் காணாமல் போயிருக்கக்கூடாது. சாதாரண கோல் போவதால் 000 உம் போகும் என்று அர்த்தமில்லை, அதற்காக 000 ஐ அடித்துப் பார்க்கவும் கூடாது. ஆகவே என் கட்சி: விளையாடுவதற்கு லாச்சிக்குள் கிடக்கிற பழைய போனை எடுங்கள். வீட்டில் வயது போனவர்கள் பாவிக்கிற போனில் கை வைக்காதீர்கள்.

அன்று பின்னேரமே அவுஸ்திரேலியப் பதிப்பில் ஆகப் புதியதை முழுக்க ஏற்றி, பூட்லோடரைப் பூட்டினேன். வோல்டி வந்தது. வங்கி ஆப்பும் சமாதானமானது. சாம்சங் பே போன்ற நொக்ஸ் சம்பந்தப்பட்டவை திரும்பி வராது, அந்த ஃபியூஸும் எரிந்துவிட்டது. தேவையில்லாத ஆப்களை ரூட் இல்லாமலே ஏ.டி.பி. கட்டளையால் அகற்றினேன், பத்து நிமிச வேலை. எழுத்தைப் பெரிதாக்கி, ஹோம் ஸ்கிரீனில் நாலே நாலு படம் வைத்தேன்: அம்மா, நான், வாட்ஸ்அப், யூடியூப்.

"இதைத்தானே முதல்லயே கேட்டனான்" எண்டா.