வருங்கால உரிமையின் விலை: கூடைப்பந்துக் கழகங்களின் தெரிவுரிமைப் பண்டமாற்று

இலங்கையிற் கூடைப்பந்தாட்டத்தாற் பெயர்பெற்ற ஊர்களுள் மட்டக்களப்பும் ஒன்றாகும். வாவி சூழ்ந்த புளியந்தீவிலுள்ள புனித மிக்கேல் கல்லூரியிலே அமெரிக்க இயேசுசபைத் துறவியர் இவ்வாட்டத்தை வளர்த்தனர். அவருள் ஒருவரான அருட்டந்தை யூஜின் ஹேபேர் 1948இல் இந்நாட்டுக்கு வந்து, மாணவர் பல தலைமுறையினரைப் பயிற்றி, 1990இற் காணாமற்போனார். அவர் பிறந்த நாட்டில் இவ்வாட்டம் ஒரு பெருந்தொழிலாகவும் விளங்குகின்றது. அத்தொழிலில் வழங்கும் பண்டமாற்று ஒன்றன் மதிப்பை எவ்வாறு நிறுப்பது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 கழகங்கள் உள்ளன. ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை அவை முறைவைத்துத் தெரிந்துகொள்கின்றன. இத்தெரிவு இரு சுற்றுக்களாக நிகழும். பெருவாரியாகத் தோற்ற கழகங்களுக்கு முன்னிடம் கிடைக்க வாய்ப்பு மிகுதி. வலியவர் மேலும் வலியராகாது, மெலிந்தவர் தேறுதல் வேண்டும் என்பதே இதன் நோக்கம். எனினும், முன்னிடம் பெறுதற்பொருட்டு வேண்டுமென்றே தோற்பாரைத் தடுக்க, 1985 முதல் முன்னிடங்கள் குலுக்கலால் தீர்க்கப்படலாயின. 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கடைநிலையிலுள்ள மூன்று கழகங்கட்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 14 வீதமே. கடைசிக் கழகத்துக்கு ஐந்தாமிடம் வாய்க்கும் நிலையோ நூற்றுக்கு 48 வீதத்தை அணுகியது.

இத்தெரிவுரிமை, வீரரைப் போலவே கைமாற்றத்தக்கது. ஏழாண்டுகளுக்குப் பின்னர் வரும் உரிமையையும் இன்று கொடுத்து, தேர்ந்த வீரரொருவரை இன்றே பெற்றுக்கொள்ளலாம். அவ்வுரிமையாற் பின்னர் பெறப்படும் இளைஞன் இன்று பள்ளிச் சிறுவனாக இருத்தல் கூடும். காணாத பொருளுக்கு விலை கூறுவது எங்ஙனம்?

முதலாவது நிறைகோல், இடத்தைப் பொறுத்தது. முன்னிடத்திற் சிறந்த வீரர் கிடைத்தல் பெரும்பான்மை. ஆயினும் அது உறுதியன்று. 2013இல் முதலாவதாகத் தெரியப்பட்ட அந்தனி பெனெற் சின்னாட்களிலேயே மங்கினார். பதினைந்தாவதாகத் தெரியப்பட்ட யானிஸ் அன்ரெற்றோகும்போ பேராட்டக்காரரானார். 2014இல் நாற்பத்தோராம் இடத்திலே தெரியப்பட்ட நிக்கொலா யோக்கிச், பின்னர் சங்கத்தின் தலைசிறந்த வீரர் என்னும் விருதை மும்முறை பெற்றார். 2015இல் டலஸ் கழகத்தால் 52ஆவதாகத் தெரியப்பட்ட பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங், இந்தியாவிற் பிறந்தோருள் அப்பேறு பெற்ற முதல்வர்; எனினும் சங்கத்தின் பருவ ஆட்டம் ஒன்றிலேனும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆகவே ஓரிடத்தின் மதிப்பு என்பது அவ்விடத்திற் கிடைக்கக்கூடிய பலரது சராசரிப் பயனேயன்றி, தப்பிப் பிறந்த ஒருவரது பெருமையன்று.

இரண்டாவது நிறைகோல், விற்பவரின் நிலையைப் பொறுத்தது. இதுவே பலராலும் மறக்கப்படுவது. நம் வயல்நிலத்து வழக்கொன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். விதைப்புச் செலவுக்குப் பணம் பெறும் உழவன், விளைவில் இத்தனை மூடை நெல் தருவேன் என வாக்களிக்கின்றான் எனக் கொள்வோம். மழை பொழிந்த ஆண்டில் நெல் மலியும், விலை தாழும், வாக்கைக் காத்தல் எளிது. மழை பொய்த்த ஆண்டிலோ களம் வெறுமையாகும்; நெல் விலையோ ஏறும். எந்த ஆண்டில் அவனிடம் ஒன்றுமில்லையோ, அந்த ஆண்டிலேயே அவன் கொடுக்கவேண்டிய மூடை விலைமிகும். தெரிவுரிமையின் இயல்பும் இதுவே. விற்ற கழகம் வென்றுகொண்டிருந்தால் கொடுப்பது கடையிடம். வீழ்ந்தால் கொடுப்பது முன்னிடம். அதாவது, தன்னை மீட்கக்கூடிய மருந்தை நோயுற்ற நாளிலேயே பிறருக்குக் கொடுத்தல் நேரும்.

2013ஆம் ஆண்டிலே புரூக்ளின் கழகம் பொஸ்டன் கழகத்தோடு செய்த பண்டமாற்று இதற்குத் தக்க சான்று. புரூக்ளின் பெற்றவருள் தலையாயோர் 37 வயதினரான கெவின் கார்னெற்றும் 35 வயதினரான போல் பியேர்சும் ஆவர். கொடுத்தவற்றுள் 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதற்சுற்று உரிமைகளும், 2017இல் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அடங்கின. முன்னிடம் வாய்த்தாற் கொடோம் என்னும் காப்பு நிபந்தனையும் வைக்கப்படவில்லை. பியேர்ஸ் ஓராண்டில் நீங்கினார். கார்னெற் 2015இல் நீங்கினார். 2016–17 பருவத்தில் புரூக்ளின் 20 ஆட்டங்களில் வென்று 62இல் தோற்றது. புரூக்ளினின் தோல்விகளின் கனியைப் பொஸ்டன் கொய்தது: 2016இன் மூன்றாமிடத்தில் ஜெய்லன் பிரவுண் வந்தார், 2017இல் முதலிடமே கைவந்தது. பொஸ்டன் அதனைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, மூன்றாமிடத்தையும் வருங்கால உரிமையொன்றையும் பெற்று, ஜேசன் ரேற்றத்தைத் தெரிந்தது. இவ்விருவரையும் கொண்டே 2024இற் பட்டம் வென்றது.

இதனைக்கண்டு வருங்காலத்தை விற்றல் என்றும் பிழை எனத் துணிதலும் பொருந்தாது. 2019இல் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ், இளம் வீரர் மூவரையும் முதற்சுற்று உரிமைகள் மூன்றையும் கொடுத்து அந்தனி டேவிசைப் பெற்றது. 2020இற் பட்டம் வென்றது. அங்கே டேவிசுக்கு வயது 26. உடன் லெப்ரோன் ஜேம்ஸ் இருந்தார். விளைந்த வயலுக்கு வேலியிடப் பொருள் செலவிடுதல் அறிவு. விளையாத வயலுக்கு அவ்வாறு செலவிடுதல் அறிவன்று. புரூக்ளினின் பிழை பட்டம் கிட்டாமை அன்று. முதுமை எய்தியோரை நம்பித் தன் வீழ்ச்சிக்காலத்தை நிபந்தனையின்றி ஈடுவைத்தமையே. முடிவு தெரிந்தபின் ஏளனம் செய்தல் எவர்க்கும் எளிது. ஒப்பந்த நாளிலேயே அறியக்கூடியது எது எனக் கேட்பதே நேர்மையான மதிப்பீடு. வீரரின் வயது அன்றே தெரிந்ததாகும்.

சங்கமும் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தது. 1980களின் தொடக்கத்திற் கிளீவ்லாந்துக் கழகத்தை நடத்திய ரெட் ஸ்ரெபியன் முதற்சுற்று உரிமைகளைத் தொடர்ந்து கைமாற்றினார். அவர் வருமுன்னரே, 1980இன் தொடக்கத்தில், அக்கழகம் விற்ற உரிமையொன்று 1982இல் முதலிடமாக மாறி லேக்கர்ஸ் கழகத்துக்கு ஜேம்ஸ் வேர்தியைத் தந்தது. வரும் ஆண்டுகளில் அடுத்தடுத்து ஈராண்டு முதற்சுற்று உரிமையின்றி எக்கழகமும் இருத்தலாகாது என்னும் விதி பின்னர் ஏற்பட்டது. அது இன்றும் ஸ்ரெபியன் பெயராலேயே வழங்குகின்றது.

அவ்விதி யாரைக் காக்கின்றது? ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட மேலாளர் சிலவாண்டில் வேறிடம் செல்வார். தோல்வியைச் சுமப்போர் பின்னர் வரும் இளம் வீரரும், நாடோறும் அரங்குக்கு வரும் ஊர்மக்களுமே. ஆதலின், இத்தகைய பண்டமாற்றை நிறுப்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இன்று பெறுவது எத்துணைக் காலம் நிலைக்கும்? யாம் வீழ்ந்தால் கொடுப்பது எவ்வளவாகப் பெருகும்? அக்கடனை இறுப்பவர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை கூறாத கணக்கு, எத்துணை நுண்ணியதாயினும், முற்றுப்பெற்ற கணக்காகாது.