வருமுன் காத்தல்: நாயும் பூனையும்

முற்றத்தில் நாயும் அடுக்களையிற் பூனையும் இல்லாத வீடுகள் நம்மிடையே குறைவு. ஒன்று கள்வரிடமிருந்து மனையைக் காக்கின்றது. மற்றொன்று எலியிடமிருந்து நெல்லைக் காக்கின்றது. இவ்வுயிர்களைக் காப்பவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாய் உணவை வெறுத்துச் சோர்ந்து படுத்த பின்னரே மிருக வைத்தியரை நினைக்கின்றோம். பல வேளைகளில் அப்போது காலம் கடந்துவிடுகின்றது. நோய் வந்தபின் தீர்த்தலினும் வருமுன் காத்தல் எளிது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குத் தக்க சான்று, நம்மவர் விசர் என வழங்கும் நீர்வெறுப்பு நோயாகும். இது வைரசு என்னும் நுண்கிருமியால் விளைவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலுள்ள இக்கிருமி, கடிவாய் வழியே உடலுட் புகுந்து, நரம்புகளைப் பற்றி மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கின்றது. ஆதலின் கடியுண்ட நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடையே பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் கழியும்; சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். குறிகள் தோன்றிவிட்டாலோ மரணம் ஏறத்தாழ உறுதியாகும்.

இவ்விடைக்காலமே மருத்துவத்துக்குக் கிடைத்த வாயிலாகும். 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர், விசர்நாயாற் கடியுண்ட யோசேப்பு மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு, நோயுற்ற முயலின் முண்ணாணை உலர்த்தி வலிகுன்றச் செய்த மருந்தை ஏற்றுவித்தார். சிறுவன் பிழைத்தான்.

எனினும், கடியுண்டவர்க்கு மருந்தேற்றுதல் மட்டும் போதாது. மனிதரை வந்தடையும் இந்நோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்களாலேயே வருகின்றது. ஆகவே ஊற்றையே அடைத்தல் வேண்டும். ஓரூரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி ஏற்றப்படின், விசர்கொண்ட நாயொன்றாற் கடிபடும் நாய்களுட் பெரும்பாலானவை நோய்கொள்ளா; நோயின் தொடர் அறுந்துவிடும். புதிய குட்டிகள் பிறந்துகொண்டே இருத்தலால் இப்பணியும் ஆண்டுதோறும் நடைபெறல் வேண்டும். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் இந்நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்கு ஊசியேற்றும் பணி பரவிய பின்னர், அத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு ஐம்பதுக்குக் கீழ் இறங்கியுள்ளது.

குட்டிகளுக்குப் பிற நோய்களுக்கான ஊசியைப் பலமுறை ஏற்றுவது ஏன் எனச் சிலர் ஐயுறுவர். தாயின் சீம்பாலோடு பிறபொருளெதிரிகள் குட்டியின் உடலிற் சேர்கின்றன. அவை குட்டியைக் காப்பதோடு, நாம் ஏற்றும் மருந்தையும் பகையெனக் கொண்டு செயலறச் செய்துவிடுகின்றன. அவை மறையும் காலம் குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகையால், பார்வோ வைரசு முதலியவற்றுக்கான ஊசியை ஆறாம் அல்லது எட்டாம் வாரத்திலே தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியிற் பதினாறாம் வாரம் வரையும் ஏற்றுவர். முதலூசியோடு நிறுத்திவிடுபவர், நிர்ப்பீடனம் உண்டென நம்பி ஏமாறக்கூடும். பூனைக்குட்டிக்கும் இம்முறையே பொருந்தும்.

குடற்புழு நீக்கமும் இன்றியமையாதது. வட்டப்புழு தாய்நாயின் கருப்பையிலேயே குட்டியைச் சேர்கின்றது. பூனைக்குட்டியைத் தாய்ப்பால் வழியாகச் சேர்கின்றது. மலத்தோடு வெளிப்படும் அதன் முட்டைகள் மண்ணிற் கிடந்து முதிர்ந்து, அம்மண்ணில் விளையாடும் குழந்தையின் கைவழியே வாயை அடையக்கூடும்; அதன் இளம்புழு கண்ணையும் பழுதாக்கலாம். எனவே நாய்க்குட்டிக்கு இரண்டாம் வாரந்தொட்டே புழுமருந்து கொடுத்தல் நன்று. மனிதருக்குரிய மருந்துகளை நாமாகவே இவற்றுக்குக் கொடுத்தல் ஆகாது. பரசிற்றமோல் வில்லையொன்றே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

மாணவர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வீட்டுக் குட்டி தானே கடித்தது என்றெண்ணியும், பெற்றோர் ஏசுவர் என்றஞ்சியும் சிறுவர் கடிகாயத்தை மறைப்பதுண்டு. நாய் கடிப்பினும் பூனை கடிப்பினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காலம் போக்குதல் தகாது. பெற்றோரும் ஆசிரியரும் கடியுண்டு வந்த பிள்ளையைக் கடியாது, முதலில் அவன் சொல்வதைச் செவிமடுப்பாராக. அச்சத்தால் மறைக்கப்படும் ஒரு சிறு கீறல் ஓர் உயிரையே கொள்ளக்கூடும்.