சவுண்டு தெரியாம ஃபுல்லா போயிடுச்சா? ஸ்பீக்கர் தப்பிச்சதா, இல்லையா... வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

போனில் வால்யூம் ஃபுல்லாக இருப்பது தெரியாமல் ப்ளூடூத்தை கனெக்ட் செய்வோம், வீடே அதிரும். இல்லையென்றால், குழந்தை ஆம்ப்ளிஃபையர் வால்யூமை ஒரே திருகில் கடைசி வரை கொண்டுபோய்விடும். ஓடிப்போய் குறைப்பதற்குள் 10, 15 நொடி போயிருக்கும். அப்புறமும் பாட்டு கேட்டால், 'அப்பாடா, ஒண்ணும் ஆகல' என்று விட்டுவிடுவோம்.

ஆனால் சவுண்டு வருகிறது என்பதாலேயே ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பாக்ஸுக்குள் இருக்கும் 2 அல்லது 3 ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் போயிருக்கலாம். அதை எப்படி கண்டுபிடிப்பது?

அந்த சில நொடிகளில் உள்ளே என்ன நடக்கும்?

ஸ்பீக்கரின் கோனுக்கு பின்னால், காந்தத்துக்கு நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். இதுதான் வாய்ஸ் காயில். வீட்டு ஸ்பீக்கருக்கு 50 வாட் பவர் கொடுத்தால், அதில் சவுண்டாக மாறுவது ஒரு வாட்டுக்கும் குறைவுதான். மற்றதெல்லாம் இந்த காயிலில் சூடாக மாறும்.

சவுண்டு 10 டெசிபல் ஏற வேண்டும் என்றால் 10 மடங்கு பவர் வேண்டும். நம் காதுக்கு அது சுமார் 2 மடங்கு சத்தமாகத்தான் தெரியும். 'கொஞ்சம்தானே ஏத்தினோம்' என்று நாம் நினைக்கும் நேரத்தில் காயில் கொதித்துக்கொண்டிருக்கும். சூடு அதிகமானால் கம்பியை ஒட்டியிருக்கும் பசை இளகும், கம்பி அறுந்துபோகும். கோன் அளவுக்கு மீறி முன்னும் பின்னும் அடித்தால் அதன் ஓரம் கிழியலாம், காயில் இடம் மாறலாம்.

முதலில் அடிவாங்குவது ட்வீட்டர்தான்!

ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் விரட்டினால், அது சவுண்டு அலையின் உச்சியை வெட்டிவிடும். இதற்கு 'க்ளிப்பிங்' என்று பெயர். சவுண்டு கரகரவென்று உடைவது இதனால்தான். இப்படி வெட்டுப்பட்ட அலையில் மேல் ஸ்தாயி சத்தம் கூடுதலாக சேரும். அது நேராக ட்வீட்டருக்குப் போகும். தலைமுடி போன்ற கம்பி கொண்ட அந்த குட்டி ஸ்பீக்கர் இதைத் தாங்காது.

மனிதக் குரலின் பெரும்பகுதி மற்ற ஸ்பீக்கர்களில் இருந்துதான் வருகிறது. அதனால் ட்வீட்டர் போனாலும் நியூஸ், சீரியல் எல்லாம் ஓரளவு சரியாகவே கேட்கும். டிவியில் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு 'ஓகே' என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியது

சிஸ்டத்தை ஆஃப் செய்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சில பாக்ஸ்களில் ட்வீட்டரை காப்பாற்ற ஒரு பாதுகாப்பு பாகம் இருக்கும். சூடு தணிந்ததும் அது தானாக பழைய நிலைக்கு வந்துவிடும். ஆம்ப்ளிஃபையரும் ப்ரொடெக்‌ஷனில் நின்றிருக்கலாம். 'இன்னொரு தடவை ஃபுல்லா வெச்சு பார்ப்போம்' என்ற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். செக் எல்லாமே குறைந்த சவுண்டில்தான்.

5 சிம்பிள் செக்

1. மோந்து பாருங்கள்: பாக்ஸின் முன்பக்கத்திலும் காற்றுத் துளையிலும் கருகிய வாசனை வந்தால் காயில் சூடாகியிருக்கிறது.

2. தெரிந்த பாட்டை போடுங்கள்: ஜால்ரா, சலங்கை சத்தம் மங்கலாக இருக்கிறதா? 'ச', 'ஸ' எழுத்துகள் அமுங்கிக் கேட்கிறதா? ட்வீட்டரில் பிரச்னை. பேப்பரை குழல்போல் சுருட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கர் முன்பும் வைத்து காது கொடுத்துக் கேட்டால் எது ஊமையாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

3. இடது, வலது ஒப்பிடுங்கள்: பேலன்ஸை ஒரு பக்கம் மட்டும் வைத்து கேளுங்கள், பிறகு அடுத்த பக்கம். வித்தியாசம் இருந்தால், ஆஃப் செய்துவிட்டு ஆம்ப்ளிஃபையரில் இரண்டு பாக்ஸ் வயர்களையும் இடம் மாற்றுங்கள். அதே பாக்ஸில் குறை தொடர்ந்தால் கோளாறு அந்த பாக்ஸிலோ அதன் வயரிலோ இருக்கிறது. குறை அடுத்த பாக்ஸுக்கு தாவினால் ஆம்ப்ளிஃபையரை பாருங்கள்.

4. தவில், பறை இசையை போடுங்கள்: அடி விழும்போதெல்லாம் 'டர்ர்' என்று அதிர்கிறதா? ஷோகேஸ் கண்ணாடி, ஸ்பீக்கர் மேல் உள்ள வலை இவற்றை கையால் பிடித்துப் பாருங்கள். அப்போதும் சத்தம் நிற்காவிட்டால் வூஃபரில்தான் கோளாறு.

5. மெதுவாக அழுத்துங்கள்: ஆஃப் செய்த பிறகு, வூஃபர் கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்து சமமாக, லேசாக அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய் வந்தால் நல்லது. 'சர்க் சர்க்' என்று உரசினால் காயில் இடம் மாறிவிட்டது. ட்வீட்டரை விரலால் தொடவே கூடாது.

மல்டிமீட்டர் இருக்கிறதா?

ஆம்ப்ளிஃபையரில் இருந்து வயரை கழற்றிவிட்டு, பாக்ஸின் பின்னால் உள்ள டெர்மினலில் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் பொதுவாக 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3-க்கு மேல் காட்டும். முள்ளோ எண்ணோ அசையாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்கு பக்கத்தில் காட்டினால் ஷார்ட். அந்த பாக்ஸை திரும்ப மாட்டினால் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து போகும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். ட்வீட்டருக்கு போகும் வழியில் கெப்பாசிட்டர் இருப்பதால், ட்வீட்டர் எரிந்திருந்தாலும் இந்த டெஸ்டில் தெரியாது. அதற்கு மேலே சொன்ன பேப்பர் குழல்தான் வழி.

சவுண்ட்பார், ப்ளூடூத் ஸ்பீக்கர், கரன்ட்டில் ஓடும் சப்வூஃபர் இவற்றை வீட்டில் பிரிக்காதீர்கள். ஆஃப் செய்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

மொத்த செட்டையும் மாற்றணுமா?

தேவையே இல்லை. ட்வீட்டரை மட்டும் தனியாக மாற்றலாம். ஓம், வாட், அளவு மூன்றும் பொருந்த வேண்டும். வூஃபருக்கு கோனும் காயிலும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். வாரன்ட்டி இருந்தால் பாக்ஸை பிரிக்கும் முன் கார்டை படித்துவிடுங்கள். உரசல் சத்தத்தோடு அப்படியே ஓட்டுவதுதான் தப்பு. இன்றைக்கு காயிலோடு முடிகிற செலவு, நாளை ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் போகும்.

காதையும் கவனிங்க!

அந்த நேரத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா? காதில் 'ங்ங்' என்ற இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரை பாருங்கள். காது திடீரென்று மந்தமானால் காத்திருக்காமல் அன்றே போங்கள். ஸ்பீக்கர் காயிலை மாற்றிவிடலாம், காதுக்குள் இருக்கும் நுண்ணிய செல்கள் போனால் திரும்ப வளராது.

இனிமேல் ஆஃப் செய்யும் முன் சவுண்டை குறைத்து வைப்பதை பழக்கமாக்குங்கள். உங்கள் சிஸ்டத்தில் அதிகபட்ச வால்யூமுக்கு லிமிட் வைக்கும் வசதி இருந்தால், இன்றைக்கே அதை செட் செய்துவிடுங்கள்.